உப்பு மூட்டையும் கடலடிப் பிளவும்

நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கிவிட்டு வந்து படிக்கவும்.

ஜப்பானில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். ஷிகோகு தீவின் தெற்குக் கரை, கோச்சி என்ற பகுதி. கருப்புப் பாறை. அதன் குறுக்கும் நெடுக்கும் வெள்ளைக் கோடுகள், சில நூல் கனம், சில விரல் கனம். "டீச்சர், யாரோ சுண்ணாம்பு வச்சு விரிசலைப் பூசின மாதிரி இருக்கு. இது என்ன?" என்று கேட்டிருந்தார்.

அந்தக் கரையின் பாறைகளைப் பற்றி நிறைய ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, பல கிலோமீட்டர் ஆழத்துக்கு இழுக்கப்பட்டு, நசுங்கி, வெந்து, மறுபடி மேலே வந்து கரையாக நிற்கிறது. வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் குவார்ட்ஸ். நம் உள்மாவட்டங்களில் வெங்கச்சங்கல் என்று சொல்வார்களே, அதே பொருள். கொஞ்சம் கால்சைட்டும் கலந்திருக்கும். பூசின மாதிரி என்று அவர் சொன்னது நல்ல சொல். பூசித்தான் இருக்கிறது. பூசியது வெந்நீர்.

அதே வாரம் இன்னொரு மாணவரிடமிருந்து தொலைபேசி. அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன், பெயர் வேண்டாம். 2004-இல் ஒன்பதாம் வகுப்பு. அந்த டிசம்பர் காலையில் தங்கையை இழந்தவர். இப்போது சொந்தமாக ஃபைபர் படகு, இரண்டு பிள்ளைகள். கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு மனையில் வீடு கட்டப்போகிறார். அது இது என்று பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "டீச்சர், சுமத்ரா பக்கம் கடலுக்கடியில உடைஞ்சுதே, அது இப்ப ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சுப்பா" என்றேன்.

"அப்பாடா" என்றார்.

அந்த அப்பாடாவோடு போனை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நம் உடம்பில் காயம் ஆறினால் வேலை முடிந்தது. கடலடியில் பிளவு ஆறுவது வேறு கதை. "இரு, வைக்காதே, இன்னும் சொல்லணும்" என்று அவரை முக்கால் மணி நேரம் பிடித்து வைத்தேன். அன்று அவரிடம் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஜப்பான் படத்துக்கும் இதுவே பதில்.

பழைய பாடத்தை ஒரு நிமிடம் நினைவுபடுத்துகிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தியத் தட்டு, சுமத்ரா, நிக்கோபார், அந்தமானுக்கு மேற்கே கடலடியில், கிழக்கே இருக்கும் தட்டின் அடியில் சரிவாக நுழைந்துகொண்டிருக்கிறது. இப்படி ஒன்றின் கீழ் ஒன்று நுழையும் இடத்தைப் புத்தகத்தில் கீழமிழ்தல் மண்டலம் என்று படித்தீர்கள். வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், கை நகம் வளரும் வேகம். இரண்டு தட்டும் உரசிக்கொள்ளும் பரப்பைத்தான் பிளவு என்கிறேன். வெறும் கீறல் என்று நினைத்துவிடாதீர்கள். அரைபட்ட பாறைத்தூள், களிமண், நீர் எல்லாம் கலந்து அழுந்திக் கிடக்கும் ஒரு பட்டை அது.

அந்தப் பட்டை எப்போதும் வழுக்கிக்கொண்டே இருந்தால் நமக்கு ஒரு தொல்லையும் இல்லை. நகம் வளர்வது கேட்டு யாரும் தூக்கத்தில் எழுந்ததில்லை. தொல்லை எல்லாம் அது ஒட்டிக்கொள்வதால் வருகிறது. ஒட்டிய இடம் நகராது. பின்னாலிருந்து தட்டு தள்ளுவதை நிறுத்தாது. மேல்தட்டின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, கீழே போகும் தட்டோடு சேர்ந்து இழுபடும். ஒரு நாள் ஒட்டு விடும். விளிம்பு நிமிரும். அதன் மேல் இருக்கும் கடலும் சேர்ந்து நிமிரும்.

2004 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை 6.29-க்கு அந்த ஒட்டு விட்டது. சுமத்ராவின் வடமேற்கில் தொடங்கி அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளம் கிழிந்தது. கிழிந்து முடிக்கப் பத்து நிமிடம் போலத்தான் ஆனது. சில இடங்களில் தட்டுகள் 15 மீட்டருக்கும் மேல் வழுக்கின. அளவு 9.1. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. உங்களில் பலர் அங்கேதான் இருந்தீர்கள்.

வகுப்பில் செங்கல்லில் சைக்கிள் டியூப் கட்டி இழுத்தது நினைவிருக்கிறதா? சிமென்ட் தரையில் செங்கல். டியூப்பைப் பிடித்து ஒரே சீராக நடந்தால் செங்கல் முதலில் அசையாது. டியூப் நீண்டுகொண்டே போகும். பிறகு செங்கல் சடாரென்று ஒரு முழம் பாயும். டியூப் தளரும். மறுபடி நிற்கும், மறுபடி பாயும். நிலநடுக்கம் இப்படித்தான் என்று சொல்லி மணி அடித்ததும் அனுப்பிவிட்டேன். எந்தத் துடுக்குப் பிள்ளையாவது, "பாய்ந்த செங்கல் ஏன் டீச்சர் மறுபடி நிற்கணும்? ஒருமுறை பிடி விட்டதே, அப்படியே வழுக்கிக்கொண்டே வர வேண்டியதுதானே?" என்று கேட்டிருந்தால் அன்றைய பாடம் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

ஏன் நிற்கிறது? விட்ட பிடி திரும்ப வருகிறது. அதற்குத்தான் அறிவியலார் ஆறுதல் என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள்.

இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் நமக்குத் தெரிந்தவர்தான். மின்னூட்ட விதியில் வரும் அதே கூலூம். 18-ஆம் நூற்றாண்டில் மரத்தின் மேல் மரத்தை வைத்து, சும்மா கிடக்கும் நேரத்தை மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தார். அதிக நேரம் கிடந்தால் அதிக விசை தேவைப்பட்டது. பிறகு 1972-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் டீட்ரிக் இதையே பாறைகளில் காட்டினார். கணக்கு அழகானது. ஒரு விநாடியிலிருந்து பத்து விநாடிக்கு எவ்வளவு பிடி ஏறுகிறதோ, பத்திலிருந்து நூறுக்கும் அவ்வளவே ஏறும். நூறிலிருந்து ஆயிரத்துக்கும் அவ்வளவே. அதாவது மடக்கைக் கணக்கு. ஒவ்வொரு படியிலும் ஏறுவது ஒன்றிரண்டு சதவீதம்தான். ஆனால் முதல் நாட்களில் விறுவிறு என்று ஏறி, பிறகு நிதானமாக, நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். (மடக்கை எதற்கு டீச்சர், கடையில் கேட்பார்களா என்று கேட்ட 10-ஆம் வகுப்பு பி பிரிவு கவனிக்கவும்.)

இது காய்ந்த பாறையின் கணக்கு. இரண்டு பரப்பிலும் உள்ள மேடுகள் ஒன்றையொன்று தொட்டு அழுந்த, தொடும் இடம் மெல்லப் பெரிதாகிறது; அவ்வளவுதான். கடலடிப் பிளவில் நீர் இருக்கிறது, சூடு இருக்கிறது. அங்கே ஆறுவது இன்னும் பலமாக நடக்கிறது. அதற்கு வேதாரண்யம் பக்கம் போவோம்.

அந்தப் பக்கத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். கல்லுப்பு மூட்டைகளை மூலையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் பிரித்தால், மேல் மூட்டை ஓரளவு உதிரியாக இருக்கும். அடி மூட்டை ஒரே பாறை. உலக்கையால் இடித்தால்தான் உடையும். என் மாமியார் அதற்கென்றே ஒரு பழைய கடப்பாரைத் துண்டு வைத்திருந்தார்.

உதிரி உப்பைக் கல்லாக்கியது யார்? ஈரமும் பாரமும். உப்புக் கற்களைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. இரண்டு கல் ஒன்றையொன்று அழுத்தும் முனையில் அழுத்தம் அதிகம், அங்கே உப்பு சற்று கூடுதலாகக் கரைகிறது. கரைந்தது பக்கத்திலிருக்கும் காலி இடுக்குக்கு நகர்கிறது. அங்கே அழுத்தம் குறைவு, மறுபடி உப்பாகப் படிகிறது. முனைகள் மழுங்கி, கற்கள் நெருங்கி, இடுக்குகள் நிரம்பி, கல்லுக்குக் கல் பாலம் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஆறு மாதம் முன்பு கையை விட்டு அள்ளியது இப்போது கடப்பாரை கேட்கிறது.

நான் உவமைக்காக மட்டும் உப்பைச் சொல்லவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பிளவுகள் ஆறுவதை ஆராய உப்புத்தூளையே இரண்டு பரப்புகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, வழுக்கவிட்டு, நிறுத்தி, மறுபடி வழுக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆழத்தில் குவார்ட்ஸ் நெடுங்காலம் எடுத்துச் செய்வதை உப்பு அறையின் வெப்பத்திலேயே மணிக்கணக்கில் செய்து காட்டிவிடும் என்பதுதான் காரணம்.

கடலடியில் உப்பின் இடத்தில் சிலிக்கா. பெரும் நிலநடுக்கங்களைக் கொடுக்கும் ஆழங்களில் சூடு ஏறக்குறைய 150 முதல் 350 டிகிரி செல்சியஸ். தட்டோடு சேர்ந்து உள்ளே போகும் சேறு ஈரத்துணி மாதிரி பிழியப்படுகிறது. களிமண் கனிமங்கள் சூட்டில் வேறு கனிமமாக மாறும்போது, தம் உடம்புக்குள் வைத்திருந்த நீரையும் விடுகின்றன. கூடவே சிலிக்காவையும் விடுகின்றன. அந்த வெந்நீர் சிலிக்காவைச் சுமந்துகொண்டு, விரிசல் கண்ட இடத்தில் நுழைந்து, குவார்ட்ஸாகப் படிகிறது. கோச்சிக் கரையின் வெள்ளைக் கோடு இதுதான். அலாஸ்காவின் கோடியாக் தீவிலும் இதே மாதிரிப் பாறை, இதே மாதிரிக் கோடு.

அந்தக் கோட்டை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் இன்னொன்று தெரியும். பல கோடுகள் ஒரே தடவையில் நிரம்பியவை அல்ல. மயிரிழையைவிட மெல்லிய பட்டைகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி நிற்கும். விரிசல் திறந்தது, அடைபட்டது. அதன் ஓரத்தில் மறுபடி திறந்தது, மறுபடி அடைபட்டது. ஜான் ராம்சே என்ற புவியியலார் 1980-இல் இதை விளக்கி எழுதினார். ஒவ்வொரு பட்டையும் ஒரு பெரிய நிலநடுக்கம் என்று எண்ணிவிட வேண்டாம், சிறு வெடிப்புகளும் அதில் அடக்கம். ஆனாலும் உடைவதும் ஆறுவதும் எத்தனை முறை மாறி மாறி நடந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தம்பி, அடுத்த முறை போகும்போது நல்ல பூதக்கண்ணாடி ஒன்று எடுத்துக்கொண்டு போ. பாறையை உடைத்து எடுத்து வராதே.

இப்போது கொஞ்சம் சிக்கலான இடம். வேகமாகப் படிப்பவர்கள் இங்கே நிதானிக்கவும்.

ஒரே குவார்ட்ஸ் இரண்டு வேலை செய்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். துகளோடு துகளை ஒட்டவைக்கிறது. அதனால் பிளவின் பலம் ஏறுகிறது. அதே சமயம் நீர் ஓடும் வழிகளை அடைக்கிறது. அடைத்தால் என்ன ஆகும்? கீழிருந்து பிழியப்பட்டு வரும் நீருக்குப் போக்கிடம் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறிய நீர் இரண்டு பரப்பையும் உள்ளிருந்தே தள்ளி விலக்கப் பார்க்கும். அதனால் பிளவின் பலம் இறங்குகிறது.

வீட்டில் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக இறுக உள்ளே அழுத்தம். ஒரு கட்டத்தில் விசில். ஆவி போனதும் அழுத்தம் தணிந்து வெயிட் மறுபடி உட்காரும், மறுபடி ஏறும். நியூசிலாந்தின் ரிச்சர்ட் சிப்சன் பிளவுகளையே இப்படி அடைப்பிதழாகப் பார்த்தார்: நிலநடுக்கத்தில் வழி திறக்கும், நீர் வெளியேறும், போகும் வழியிலேயே கனிமங்களைப் படியவிட்டு வழியை அடைக்கும், அடைந்தபின் அழுத்தம் மறுபடி ஏறும். குக்கரில் நாம் அடுப்பை மூட்டுகிறோம். அங்கே தட்டு நுழைவது நிற்காததால் அடுப்பை யாரும் அணைப்பதில்லை.

ஆகவே "ஆறிய பிளவு" என்றால் பலமான பிளவா, பலவீனமான பிளவா என்று கேட்டால், இரண்டும்தான். ஒட்டு ஒரு பக்கம் இறுகுகிறது, நீர் இன்னொரு பக்கம் அதைத் தளர்த்துகிறது. எந்த இடத்தில் எது முந்துகிறது என்பதுதான் அந்த இடத்தின் குணம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி இதுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்கலாம்.

ஆறுவதைக் கண்ணால் பார்க்க முடியுமா? பல கிலோமீட்டர் ஆழத்துக்கு யார் போவது? சீனாவில் ஒரு நல்ல வேலை செய்தார்கள். 2008-இல் வென்சுவான் நிலநடுக்கம் வந்தது. அது கீழமிழ்தல் மண்டலம் இல்லை, நிலத்துக்குள் இருக்கும் பிளவு. என்றாலும் அங்கே நடப்பதும் ஆறுதல்தான். உடைந்த பிளவை ஊடுருவி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழக்குழாய் இறக்கி, அதில் நிற்கும் நீரின் மட்டத்தை 2010 தொடங்கி ஒன்றரை ஆண்டு அளந்தார்கள். நிலாவும் சூரியனும் கடலை மட்டுமா இழுக்கின்றன? பாறையையும் இழுக்கின்றன, மிக மிகக் கொஞ்சமாக. அதனால் கிணற்று நீர்மட்டம் தினமும் சற்று ஏறி இறங்கும். பாறையின் இடுக்குகள் திறந்திருந்தால் நீர் உடனுக்குடன் ஈடுகொடுக்கும், அடைந்திருந்தால் தாமதிக்கும். அந்தத் தாமதத்தை வைத்து, பிளவின் வழிகள் அடைபட்டு வருவதைக் கண்டார்கள். நடுநடுவே எங்கோ தொலைவில் பெரிய நிலநடுக்கங்கள் வந்தபோது, அந்த அதிர்விலேயே வழிகள் கொஞ்சம் திறந்தன. பிறகு மறுபடி அடைபடத் தொடங்கின. புண்ணில் பொருக்குத் தட்டியிருக்கும்போது யாராவது இடித்துவிட்டுப் போன மாதிரி.

இன்னும் ஆழத்தில், சூடு அதிகமான இடத்தில், ஆறுவது இன்னும் வேகம். கனடாவின் வான்கூவர் தீவு ஓரத்தில் ஏறக்குறைய பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை, தட்டுகள் சில வாரங்களுக்கு மெல்ல வழுக்குகின்றன. யாருக்கும் தெரியாது, கருவிகளுக்கு மட்டும் தெரியும். சத்தமில்லாத நிலநடுக்கம். வழுக்கி, நின்று, பதினான்கு மாதத்தில் மறுபடி வழுக்கத் தயாராகிறது என்றால், அதற்குள் பிடி திரும்பியிருக்க வேண்டும். அந்த வாரங்களில் எழும் மெல்லிய முணுமுணுப்பு கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தோடு கூடிக் குறைகிறது. அந்த அளவு சிறிய தள்ளலுக்கே அசைகிறது என்றால், அங்கே நீரின் அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

ஆழம் குறைந்த பக்கத்தில் களிமண் வேறு மாதிரி. அது அவ்வளவாக ஆறாது, வழுவழு. 2011-இல் ஜப்பானின் தோஹோகு பெருநடுக்கத்துக்குப் பிறகு, அடுத்த ஆண்டே சிக்யூ என்ற துளையிடும் கப்பல் அந்தப் பிளவைத் தொட்டு மண் எடுத்து வந்தது. ஐந்து மீட்டர்கூடக் கனமில்லாத களிமண் பட்டை. அகழிக்குப் பக்கத்தில் அதன் மேல்தான் தட்டு 50 மீட்டர் அளவுக்கு ஓடியிருந்தது. பிடி இல்லாத இடம் பாவம், தீங்கு செய்யாது என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. தான் பாரத்தைச் சேர்த்து வைக்காவிட்டாலும், பக்கத்தில் சேர்த்து வைத்தவன் ஓடிவரும்போது வழிவிட்டது.

சரி, சுமத்ராவுக்கு வருகிறேன். ஏனென்றால் என் மாணவர் கேட்டது அதைத்தான்.

நான் அவரிடம் சொன்னது இது. "பூட்டு வேற, பாரம் வேறப்பா. பூட்டு மறுபடி விழுறதுக்கு ரொம்ப நாள் ஆகாது. நாள் கணக்கு, மாசக் கணக்கு, போனா வருஷக் கணக்கு. இருபது வருஷத்துல அது நல்லா ஆறியிருக்கும். ஆனா பூட்டினதுக்கு அப்புறம் பாரம் ஏறணும். அதுதான் நூற்றாண்டுக் கணக்கு." 15 மீட்டர் வழுக்க வேண்டும், ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் சேர்கிறது என்று வைத்தால் 375 ஆண்டு. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. அவரும் போனிலேயே போட்டுப் பார்த்தார்.

"அப்ப என் பேரன் காலத்துக்கும் ஒண்ணும் இல்ல" என்றார்.

அங்கேயும் அவரை விடவில்லை. பிளவுக்குப் பள்ளிக்கணக்கு தெரியாது. தாய்லாந்தின் பிரா தாங் தீவில் மண்ணைத் தோண்டியபோது, 2004 அலை கொண்டுவந்த மணலுக்குக் கீழே, ஏறக்குறைய 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு மணல் அடுக்கு இருந்தது. ஆச்சே கடற்கரையில் ஒரு குகை. அதன் தரையில் 7,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 2,900 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில் வந்த 11 ஆழிப்பேரலைகளின் மணல், வௌவால் எச்ச அடுக்குகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. இடைவெளிகளைப் பார்த்தால் ஒழுங்கே இல்லை. ஒரு சமயம் இரண்டாயிரம் ஆண்டு அமைதி. இன்னொரு சமயம் ஒரே நூற்றாண்டுக்குள் பல. சேர்ந்த பாரம் முழுவதும் ஒரே தடவையில் இறங்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம் ஊருக்கே பக்கத்துச் சாட்சி ஒன்று உண்டு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஒரு பெரிய நிலநடுக்கம். அதன் சிறு அலை வங்கக்கடலைச் சுற்றியிருந்த அலைமானிகளில் பதிவானது, நாகப்பட்டினத்திலும் பதிவானது. ஆள்சேதம் இல்லாததால் மறந்துபோனார்கள். அன்று வழுக்கிய அதே பகுதி 2004-இல் மறுபடி வழுக்கியது. இடையே 123 ஆண்டுதான். அதோடு, 1881-க்குப் பிறகு சேர்ந்திருக்கக்கூடியதைவிட அதிகமாகவே வழுக்கியது. அதாவது 1881-இல் தீர்க்காமல் விட்ட பழைய பாக்கியும் சேர்ந்து வசூலானது.

சிலியிலும் இப்படி. 1960-இல் 9.5 அளவில் உடைந்த பகுதிக்குள்ளேயே, 2016 கிறிஸ்துமஸ் அன்று சிலோயே தீவின் தெற்கே 7.6 அளவில் ஒரு நடுக்கம். 56 ஆண்டில் அந்த இடம் ஆறி, பூட்டி, ஓரளவு பாரமும் ஏற்றிக்கொண்டுவிட்டது. 7.6 என்பது 9.5 இல்லை. ஆனால் "ஒருமுறை உடைந்த இடம், இனி நம் காலத்தில் பயமில்லை" என்று சொல்லும் என் அண்ணன் மகன் (படிக்கிறாய் என்று தெரியும்) இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும்.

"2012-லயும் வந்துச்சே டீச்சர், நாங்கல்லாம் ஓடினோமே?" என்று கேட்டார் மாணவர். ஏப்ரல் 11, பிற்பகல், அளவு 8.6. அது வேறு பிளவு. தட்டு நுழையும் பரப்பில் வந்ததல்ல. நுழைவதற்கு முன்னாலேயே, கடல்தட்டுக்குள் பக்கவாட்டில் நகர்ந்தது. கடலடி மேலே எழும்பாததால் பெரிய அலை வரவில்லை. ஓடியது சரிதான். ஓடும்போது எந்தப் பிளவு என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஒரு செய்தி மட்டும் அவரிடம் சொல்ல விட்டுப்போனது, இங்கே சொல்கிறேன். சுமத்ரா அகழியில் உள்ளே போகும் சேறு எந்த ஊர்ச் சேறு தெரியுமா? பெரும்பகுதி இமயமலை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கரைத்துக் கொண்டுவந்து வங்கக்கடலில் கொட்டி, கடலடி வழியே தெற்கே நிக்கோபார் வரை விசிறி போலப் பரப்பிய மண். கோடிக்கணக்கான ஆண்டுகளாக நம் கரைக்கு எதிரேதான் அது போய்க்கொண்டிருக்கிறது. அகழிக்குப் பக்கத்தில் அதன் கனம் பல கிலோமீட்டர். 2016-இல் ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல் அங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் போலத் துளையிட்டு மண் எடுத்தது. ஆய்ந்தவர்கள் சொன்னது: அவ்வளவு கனமான மண்ணின் அடியில் ஏறிய சூட்டிலேயே, அகழிக்குள் போவதற்கு முன்பே, அந்தச் சேறு தன் நீரை விடத் தொடங்கி இறுகிவிடுகிறது. மற்ற இடங்களில் அகழியோரம் மெத்தென்று இருக்கும். இங்கே அங்கும் கெட்டி. அதனால் 2004-இல் வழுக்கல் அகழி வரைக்கும், ஆழம் குறைந்த இடம் வரைக்கும் வந்தது, கடலை அவ்வளவு தூக்கியது என்கிறார்கள். கங்கை மண் என்று நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அது போய்ச் சேருகிற இடமும் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

அவர் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். "சரி டீச்சர், வீடு கட்டட்டுமா வேணாமா?"

கட்டு என்றேன். கடலை விட்டு அவர் எங்கே போவார்? 2004-இல் நமக்கு இல்லாதது ஒன்று இப்போது இருக்கிறது. ஹைதராபாத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நடக்கிறது. சுமத்ராவில் உடைந்தால் அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றும் அந்த இரண்டு மணி நேரம் இருந்தது, சொல்ல ஆளில்லை. செய்தி வந்தால் பிள்ளைகளை எந்த வழியாக, எந்த மேட்டுக்கு, யார் கூட்டிப்போவது என்று இப்போதே பேசி வை என்றேன். அவர் மனைவியும் போனில் இருந்தார். அவர் உடனே, "எங்க மாமியாரால வேகமா நடக்க முடியாதே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று அவரே வீட்டு வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழ்த்தளத்தில் தூண்கள் மட்டும், வலை வைக்கவும் வண்டி நிறுத்தவும். மேலேதான் வீடு. அம்மாவுக்காக மாடிப்படியை அகலமாக, படி உயரத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு வெளிப்பக்கமாக வைத்திருக்கிறார். மேல்மாடிக்கும் அதே படி தொடர்கிறது. கொத்தனார் இதற்குக் கூடுதலாகும் என்று சொன்னாராம். நம் பிள்ளைகளில் கட்டடப் பொறியாளர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். யாராவது அந்தத் தூண்களின் கனத்தை மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினால் அவரிடம் பேசவைக்கிறேன்.